முப்பத்திரண்டு கம்பிகளும் என் பயமும்

அடுத்தவர் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டுச் சம்பளம் வாங்கும் தொழில் எங்களுடையது. எங்கள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டுவிடுவார்களோ என்று நாங்களும் வேகமாக நடந்துவிடுவோம்.

நான் மருத்துவ உளவியல் படித்துவிட்டு மூளை ஆராய்ச்சிக்குள் வந்தவள். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு டிபன் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்து எங்கள் ஆராய்ச்சி நடக்கிறது. ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் பெண்களின் கவனம், தூக்கம், பயம் இவையெல்லாம் மூளையில் எப்படித் தெரிகின்றன என்பதுதான் விஷயம். வருகிற பெண்ணின் தலையில் முப்பத்திரண்டு கம்பிகள் தொங்கும் ஒரு துணித் தொப்பியை மாட்டுவோம். மூளையில் ஓடும் மின்சாரத்தை அவை பிடித்துத் திரையில் கோடு கோடாக வரையும். அப்புறம் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னப் பரீட்சைகள். கடைசியில் ஒரு கேள்வித்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்தபோது பாப்பாவுக்கு ஏழு மாதம். கைக்குழந்தை வைத்திருக்கும் சக தாய்மார்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் சொன்னால் ஏமாற்றினாள் என்பீர்கள். குன்றத்தூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனால், என் கைகள் தாமாகத் திறந்துகொள்வது போல ஒரு காட்சி வரும். நான் கூப்பிடாமல் வரும். போ என்றால் இன்னும் பக்கத்தில் வரும். குளிப்பாட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் வேறு காட்சி, அதை எழுத மாட்டேன். முதலில் பால்கனியை விட்டேன். பிறகு குளிப்பாட்டுவதை மாமியாரிடம் விட்டேன். பிறகு, வீட்டில் இன்னொருவர் இல்லாமல் பாப்பாவோடு இருப்பதையே விட்டேன். வேலை இருக்கிறது என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

இதற்குப் பெயர் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள்; சொல்லாவிட்டால் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுவேன். அந்த நிலையில்தான் கீழே உள்ளதெல்லாம் நடந்தது. இப்போது பாப்பா தூங்குகிறாள், எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைத் தலைகள்

கம்பிகளுக்கு ஒரே ஒரு பகை, தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் இருந்தால் கம்பி சரியாக ஒட்டாது. மூளைக்குப் பதிலாக வெறும் இரைச்சல் வரும். இது பாடப் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. அதையெல்லாம் படித்த நான், முதல் குழுவுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தேன். அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு அன்றுதான் வார விடுமுறை.

ஒன்பது பெண்கள் படியேறி வந்தார்கள். ஒன்பது பேரும் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, ஈரம் காயாத பின்னலில் மறுபடி ஒரு கை எண்ணெய் வைத்து, மல்லிகைச் சரமும் வைத்திருந்தார்கள். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னலோடு கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் நின்றவள் நான். எனக்கு இது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. ஒவ்வொருத்தியிடமும் சாரி சொல்லிக்கொண்டு நின்றேன். அதுவும் கான்வென்ட் பழக்கம்தான், எந்தப் பிரயோஜனமும் இல்லை. எங்கள் டெக்னீஷியன் பாஸ்கர் வல்லக்கோட்டைக்காரர். அவர் பேசாமல் கீழே போய், கடையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட் சரத்தை மொத்தமாக வாங்கி வந்தார். மொட்டை மாடிக் குழாயில் ஒன்பது தலைகளும் ஒரே காலையில் இரண்டாம் முறை குளித்தன. டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்துவிட்டு பாஸ்கர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மெஷினு ஃபாரின்லேர்ந்து வந்துக்கீது மேடம். வெள்ளிக்கெழம நம்ம ஊர்துதான்."

கண்ணை மூடினால்

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி இசக்கியம்மாள். தென்காசிப் பக்கம். ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பொருள் வெளியே போகும் முன் கடைசியாகக் கண்ணால் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கும் வேலை. தொப்பி மாட்டும்போது மற்றவர்கள் கூசுவார்கள். இவள் மட்டும் தலையை நீட்டினாள். வேலையிலும் நாள் முழுக்கத் தொப்பிதானாம்.

கண்ணை மூடச் சொன்னேன். கண் திறந்திருக்கும்போது கோடுகள் சின்னப் பிள்ளை கிறுக்கியது போல நெருக்கமாக, மெல்லிசாக ஓடும். மூடின ஒரு விநாடியில், தலையின் பின்பக்கமிருந்து பெரிய, சீரான அலைகள் எழும்பும். நூறு பேருக்குப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது. யாரும் கற்றுத்தரவில்லை, யாரும் சுவிட்ச் போடவில்லை. இமை இறங்கியதும் உள்ளே அப்படி ஓர் ஒழுங்கு. வெளியே கண்டெய்னர் லாரி போகும்போது கட்டடம் அதிர்ந்து முப்பத்திரண்டு கோடும் ஒன்றாகத் துள்ளும். லாரி போனதும் அலை விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு அப்போதெல்லாம் ஒன்று தோன்றும்: இவ்வளவு அழகான ஒன்று எனக்குள்ளும் இருக்கிறது, அதே ஒன்றுதான் எனக்கு அந்தப் பால்கனியையும் காட்டுகிறது.

பதிவானதைத் திருப்பி ஓட்டிக் காட்டினோம். இசக்கி திரையை நோக்கிக் குனிந்தாள். பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"வேல முடிஞ்சு படுத்தா நான் அப்படியே நின்னு போயிருதேன்னு நெனச்சேங்க்கா. உள்ள ஒருத்தி அவ பாட்டுக்கு ஓடிக்கிட்டுல்லா இருக்கா."

மங்கலான பச்சை

கவனப் பரீட்சை ரொம்பச் சுலபம். திரையில் பச்சை வட்டம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். சிவப்பு வந்தால் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். வேகமாக வரும். பாஸ்கர் செய்தாலே நாலைந்து சிவப்பில் அழுத்திவிடுவார். இசக்கி ஒரு சிவப்பிலும் அழுத்தவில்லை. ஆனால் சில பச்சைகளை வேண்டுமென்றே விட்டுக்கொண்டிருந்தாள். பச்சைக்கு அழுத்தணும் என்று இரண்டு தடவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் அதையே செய்தாள். தூக்கக் கலக்கம் என்று குறிப்பில் எழுதினேன்.

முடிந்ததும் அவளே வந்து, ஒரு பச்சை மட்டும் சரியில்லை, அது ஒரு பொடி மங்கல், மங்கலானதை எப்படி ஓ.கே. பண்ணுவது என்று கேட்டாள். எனக்கு எல்லாப் பச்சையும் பச்சையாகத்தான் தெரிந்தது. பாஸ்கருக்கும் தெரியவில்லை. சந்தேகத்துக்குக் கம்ப்யூட்டருக்குள் போய் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தோம். ஆறு பச்சை வட்டங்களில் ஒன்று, வேறு ஒரு நிற எண்ணோடு, இம்மி அளவு மங்கலாக இருந்தது. அதை வரைந்தது நான்தான். அதுவரை எடுத்த கவனப் பரீட்சைகள் அத்தனையையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. இத்தனை படித்தவர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த ஒன்றில், விநாடிக்கும் குறைவாகத் தெரிந்து மறையும் ஒரு பிழையை இந்தப் பெண்ணின் கண் பிடித்தது. தூக்கக் கலக்கம் என்று எழுதியதை அவள் பார்க்கவே அடித்தேன்.

எங்களோடு வேலைக்கு வந்துவிடுகிறாயா என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். அவள் உடனே மறுத்துவிட்டாள்:

"வேண்டாம்க்கா. எங்க லைன்ல தப்பு வந்தா பொருளத் தூக்கிப் போடுவோம். இங்க தப்பு வந்தா என்னயல்லா தூங்குமூஞ்சின்னு எழுதுதீய."

பதினேழாம் கேள்வி

கேள்வித்தாளில் பதினேழாவது, குழந்தை பெற்ற பெண்களுக்கு மட்டும். 'உங்கள் குழந்தைக்கு நீங்களே ஏதாவது தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணங்கள், நீங்கள் விரும்பாமலே வந்ததுண்டா?' கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு.

நான் எப்படிக் கேட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினாறைக் கேட்கும்போதே பதினெட்டைப் பார்த்துவிடுவேன். நடுவில் உள்ளதைப் பேருந்து நிறுத்தம் சொல்லும் கண்டக்டர் வேகத்தில் சொல்லி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், 'அப்படியெல்லாம் இல்லைதானே?' என்று நானாக ஒன்றைச் சேர்த்து முடிப்பேன். பிள்ளை பெற்ற எல்லோரும் இல்லை என்றார்கள். எனக்கு ஒவ்வொரு 'இல்லை'யும் சம்மட்டி அடி. இத்தனை தாய்மார்களில் நான் ஒருத்திதான் இப்படி. ஒரு பாவத்தை நினைத்தாலே அது செய்ததற்குச் சமம் என்று எங்கள் மாரல் சயன்ஸ் சிஸ்டர் சொல்லித் தந்தது, உளவியல் புத்தகங்கள் அத்தனையையும் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஆராய்ச்சியை நடத்துபவர் நளினி மேடம், மனநல டாக்டர். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து தாள்களைப் புரட்டுவார். மற்ற ஊர்களில் எங்கள் குழு எடுத்த தாள்களில் பதினேழுக்கு அங்கங்கே 'ஆமாம்' இருக்கிறதாம். என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. நீ எப்படிக் கேட்கிறாய், என்னிடம் கேட்டுக் காட்டு என்றார். கேட்டுக் காட்டினேன், முடிந்தவரை மெதுவாகத்தான். அவர் திட்டவில்லை. தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"கேட்கிறவள் பயந்தால், பதில் சொல்கிறவள் இரக்கப்பட்டு இல்லை என்றுதான் சொல்வாள்."

மஞ்சள் விளக்கு

அடுத்த வாரம் வந்தவள் குமாரி. ஒரகடத்துக்கு உள்ளே ஒரு கிராமம்; தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். அவள் கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் தயாரிக்கும் லைனில் இருக்கிறாள். இரண்டு வயதில் ஒரு பையன். இந்த முறை தாளை மேசையில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். காத்திருந்தேன்.

வரும் என்றாள். மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வது போல. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது, காய் நறுக்கும் நேரத்தில் கத்தி அவன் பக்கம் திரும்புவது போல ஒரு படம் வருமாம். முதல் தடவை கத்தியை எறிந்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவை நாத்தனாரைக் கூப்பிட்டு, எனக்கு இப்படி ஒன்று வருகிறது, பக்கத்தில் நில் என்று சொல்லிவிட்டாளாம். நாத்தனார் பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் படம் வருவது குறைந்து, வந்தாலும் பெரிதாகத் தெரியாமல் போய், நாத்தனாரும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எப்படித் துணிந்து சொன்னாய் என்று கேட்டேன். அது தாளில் இல்லாத கேள்வி. அவளுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. பிறகு லைனைப் பற்றிச் சொன்னாள். அவள் நிற்கும் இடத்தில் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். கோளாறு என்று சந்தேகம் வந்தால் இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், லைன் லீடர் நடந்து வருவார். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றாலும் இழுத்தவளை யாரும் ஏச மாட்டார்கள். பார்த்தும் இழுக்காமல் விட்டவளுக்குத்தான் விசாரணை. வீட்டிலும் அதைத்தான் செய்தேன், இதில் துணிச்சல் என்ன இருக்கிறது என்றாள். நான் இத்தனை வருடம் படித்த வைத்தியத்தின் முதல் பாதியை, ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.

கேட்க வேண்டிய மற்ற கேள்விகளையும் கேட்டேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன்: அது ஆசை இல்லை, பயம், பிள்ளை மேல் உயிராக இருப்பவளுக்குத்தான் அது அப்படிப் பதறடிக்கும், நிறையத் தாய்மார்களுக்கு வரும், வெளியே சொல்ல மாட்டார்கள், மறுபடி தொந்தரவு செய்தால் பார்க்க டாக்டர் இருக்கிறார். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். குமாரி என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் என் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. தன் கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"இவ்ளோ தெரிஞ்சிகினு நீங்க இன்னாத்துக்கு மேடம் இப்டி வேர்த்து ஊத்துறீங்க?"

நாற்காலி மாற்றம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எந்தப் பரீட்சையையும் கேள்வித்தாளையும் ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் முன், குழுவில் உள்ளவர்கள் முதலில் தாங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் குழு முழுக்க உட்கார்ந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்த பிறகு யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானா ஞாபகப்படுத்துவேன்?

நளினி மேடம் அடுத்த முறை வந்தபோது, நான் இன்னும் உட்காரவில்லை மேடம் என்றேன். அதற்கென்ன, பழைய கதை, விடு என்றார். இல்லை, இன்றைக்கே, நீங்களே கேட்க வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பாஸ்கரைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெண்கள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால், கேள்வி கேட்பவர் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று கேட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டு வரும்போது கழிவறைக்கு எழுந்து போய், அங்கிருந்து அப்படியே படியிறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. பதினேழு வந்தது.

ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு, அவர் பேனாவைக் கீழே வைப்பார், எழுந்து வருவார், போனை எடுப்பார் என்று எதையெதையோ எதிர்பார்த்தேன். பாப்பாவின் பழைய சட்டைகளை யார் மடித்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது வரைக்கும் போய்விட்டேன். அவர் கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் விவரமாகக் கேட்டார். நானே உனக்கு வைத்தியம் பார்ப்பது முறையில்லை என்று சொல்லி, அப்போதே வேறொரு டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் உயிர் போகும்வரை மறக்கப் போவதில்லை என்று நினைப்பது, டிக் போட்ட கையோடு, குரல் கொஞ்சமும் மாறாமல் அவர் சொன்னதைத்தான்:

"சரி. பதினெட்டு. அடிக்கடி தலைவலி வருமா?"

தொட்டி

அன்று சாயந்தரமே கணவரிடம் சொன்னேன். மறைமலை நகரில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர், பதறாத மனிதர். முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்து போய்ப் பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து மாட்டினார். அன்போடுதான் மாட்டினார். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, முதல் வேலையாக அந்தப் பூட்டைக் கழற்றுங்கள் என்றார். பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் பயம் தன்னை நிஜம் என்று நம்பிக்கொள்ளுமாம். கணவரே கழற்றினார்.

அப்புறம் வாரா வாரம் டாக்டர். வீட்டில் பயிற்சி. காட்சி வந்தால் ஓடாமல், சண்டை போடாமல், பாப்பாவை இறக்கி வைக்காமல் நிற்க வேண்டும். முதலில் கணவர் பக்கத்தில் நிற்பார். பிறகு கூடத்தில். போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நானே தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். கணவர் குளியலறைக்கு வெளியே நின்றார். காட்சி வந்தது. பாப்பாவின் வழுக்கும் முதுகு என் உள்ளங்கையில் இருந்தது. காட்சி தன் போக்கில் இருந்தது, என் கை தன் போக்கில் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று இருபது புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதைக் கையால் தெரிந்துகொள்வது வேறு. பாப்பா தண்ணீரை ஓங்கி அடித்தாள். சோப்பு நுரை என் கண்ணில் பட்டு நான் கத்தினேன். வெளியேயிருந்து கணவர், என்ன ஆச்சு என்றார். சோப்பு என்றேன். வீட்டில் வேறு யாரும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, பிறகு அவர் குரல்:

"அப்ப நான் போய் மாவு வாங்கிட்டு வந்துடறேன்."

பயப்படுவதற்கு உலகத்திலேயே அதிகத் தகுதி எங்கள் தொழில்காரர்களுக்குத்தான் என்பது என் ஆராய்ச்சி முடிவு. மூளை என்னவெல்லாம் செய்யும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்து, அதற்குப் பட்டமும் தந்து, கடைசியில் கையில் ஒரு குழந்தையையும் கொடுத்துவிடுகிறார்கள்.